கயாக்கிலிருந்து ஸ்கூபா டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) காற்றுச் சிலிண்டரைக் கட்டி எடுத்துப்போய், நங்கூரம் போட்டு, அங்கேயே டைவ் செய்துவிட்டுத் திரும்புவதைப் பற்றிப் புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. டைவிங் தெரிந்தவர்களுக்குக் கயாக் தெரிந்திருக்காது, கயாக் தெரிந்தவர்களுக்கு டைவிங் தெரிந்திருக்காது. அதனால் இரண்டு பக்கத்தாருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

கரையிலிருந்து நீந்திப் போகலாம், பெரிய படகிலும் போகலாம். நடுவில் கயாக் எதற்கு?

முழு உபகரணத்தோடு முந்நூறு, நானூறு மீட்டர் நீந்திப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும், திரும்பும்போதும் அதே பாடு. கயாக்கில் நிதானமாகத் துடுப்புப் போட்டாலே மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போகலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாறைத்திட்டுக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். செங்குத்துப் பாறை மறித்து, கரை வழியாக இறங்கவே முடியாத இடங்களுக்கும் போகலாம். நேரமும் இடமும் நம் விருப்பம், எஞ்சின் சத்தம் கிடையாது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டைவ் படகில் உங்களுக்காக ஒருவர் மேலே காத்திருப்பார். கயாக்கில் யாரும் இல்லை. நீங்கள் அடியில் இருக்கும் நாற்பது, ஐம்பது நிமிடமும் அது ஆளில்லாத படகு. திரும்பி வரும்போது அது விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். கயாக் டைவிங்கில் புதிதாகக் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

ஏன் மேலே உட்காரும் வகைதான் வேண்டும்? உள்ளே உட்காரும் கயாக் ஆகாதா?

ஆகாது. உள்ளே உட்காரும் கயாக் கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், இறைத்தாக வேண்டும். கடல் நடுவில் அதற்குள் மறுபடி ஏறி உட்காருவது தனிப் பயிற்சி. மேலே உட்காரும் வகையில் உடல் முழுவதும் மூடிய கூடு. மேலே விழும் தண்ணீர் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கட்டுமரத்தின் மேல் அலை ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இறங்குவது ஏறுவது இரண்டுமே எளிது, டைவருக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த வகைக் கயாக் பரவியதற்கே டைவிங் ஒரு காரணம். கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரைப் பக்கம் டைவ் செய்துவந்த டிம் நீமியர் 1970களில் இப்படிப்பட்ட கயாக்குகளைச் செய்யத் தொடங்கினார். ஓஷன் கயாக் என்ற நிறுவனம் அவர் தொடங்கியதுதான். இன்றும் பல மாடல்களில் இருக்கைக்குப் பின்னால் சிலிண்டர் வைக்கவென்றே ஒரு பள்ளம் இருக்கும்.

எவ்வளவு பெரிய கயாக் வாங்க வேண்டும்?

முதலில் எடையைக் கூட்டிப் பாருங்கள். அலுமினியம் 80 என்று எல்லோரும் சொல்லும் சாதாரண சிலிண்டர், காற்று நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 17 கிலோ. பிசிடியும் (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவி) சேர்ந்து 6 கிலோ. மூழ்குவதற்குக் கட்டும் இடுப்பு எடைகள் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) 3 கிலோ, நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் சேர்த்து 4 கிலோ, குடிதண்ணீரும் சில்லறைச் சாமான்களும் 4 கிலோ. மொத்தம் 40 கிலோ. நீங்கள் 75 கிலோ என்றால் கயாக் சுமக்க வேண்டியது 115 கிலோ.

தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எடை வரை ஏற்றினால் கயாக் நீரில் அமிழ்ந்து கிடக்கும், துடுப்புக்குக் கட்டுப்படாது. அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்தக் கணக்கில் குறைந்தது 165 கிலோ தாங்கும் கயாக் வேண்டும், நான் 180 என்று சொல்வேன். நீளம் மூன்றரை முதல் நாலரை மீட்டர் வரை சரியாக இருக்கும். அதற்குக் குறைந்தால் நேராகப் போகாது. அதற்கு மேல் போனால் கரையில் தூக்குவது கஷ்டம். காலி கயாக்கே 25 முதல் 35 கிலோ இருக்கும் என்பதால், தள்ளிக்கொண்டு போகச் சிறு சக்கர வண்டி ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

அடியில் துளை இருக்கிறதே, மூழ்காதா?

அந்தத் துளைகள் மேல்தளத்திலிருந்து அடிவரை குழாய் போலப் போகின்றன. கூட்டின் உட்புறத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. அதனால் அவற்றின் வழியாக மூழ்காது.

மூழ்க வைப்பவை வேறு: சரியாக மூடாத மூடி, துளையைச் சுற்றி விழுந்த வெடிப்பு, மறந்துபோன வடிகால் அடைப்பான். கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறினால் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். ஆளில்லாமல் நிற்கும்போது ஏறினால் யாருக்குத் தெரியும்? நீங்கள் மேலே வரும்போது கயாக்கின் மூக்கு, அதாவது முன்முனை, மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடைப்பானைத் தொட்டுத் திருகிப் பார்க்காமல் நான் கரையை விட்டுக் கிளம்புவதில்லை. கூட்டுக்குள் காற்றுப்பையோ நுரைக்கட்டையோ திணித்து வைத்தால், தண்ணீர் புகுந்தாலும் கயாக் முழுதாக அமிழாது. செலவு குறைவு, அவசியம் செய்யுங்கள்.

என்ன அனுபவம் இருந்தால் இதைத் தொடங்கலாம்?

ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் அடிப்படை. அதை வாங்கிய மறுவாரமே வேண்டாம். மிதப்பைக் கட்டுப்படுத்துவதும் திசைகாட்டி பார்த்து நீந்துவதும் யோசிக்காமலே கைவந்த பிறகு தொடங்குங்கள்.

கயாக் பக்கத்தில், சிலிண்டர் இல்லாமல் நாலைந்து முறை கடலுக்குப் போய்ப் பழகுங்கள். வேண்டுமென்றே கவிழ்த்து, புரட்டி, ஏறுங்கள். களைத்த பிறகும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அப்புறம் முழு உபகரணத்தோடு ஆழமில்லாத, அமைதியான நீரில் மாட்டுவதையும் கழற்றுவதையும் மட்டும் பயிற்சி செய்யுங்கள். முதல் டைவைவிட இந்த ஒத்திகைதான் முக்கியம்.

சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டே துடுப்புப் போடலாமா?

கூடாது. எடை மேலே ஏறி கயாக் தள்ளாடும். எடை பெல்ட்டையும் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், கவிழ்ந்தால் நேராக அடிக்குத்தான். துடுப்புப் போடும் நேரமெல்லாம் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். வெட்சூட் மிதக்கும்தான், ஆனால் அது லைஃப் ஜாக்கெட் அல்ல. டைவுக்கு இறங்கும்போது கழற்றிக் கயாக்கில் கட்டிவிடலாம்.

சாமான்களை எப்படி அடுக்குவது?

கரையிலேயே பிசிடி, ரெகுலேட்டர், சிலிண்டர் மூன்றையும் சேர்த்துப் பூட்டி, வால்வைத் திறந்து, மூச்சு இழுத்துப் பார்த்து, அழுத்தமானியைப் படித்துவிட்டு வால்வை மூடுங்கள். கடலில் ஆடிக்கொண்டே ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றும் நிலை வரக் கூடாது. பூட்டிய தொகுதியைப் பின்பள்ளத்தில் படுக்க வைத்து, குறுக்கே இரண்டு பட்டைகள் போட்டு இறுக்குங்கள். வாயில் வைக்கும் ரெகுலேட்டர் பகுதியை பிசிடிக்குள் மடித்து வையுங்கள். மணல் புகாது, அலை பட்டுக் காற்று பீறிடாது.

சிலிண்டர் பின்னால் போவதால் பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கும். தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனால் இடுப்பு எடைகளையும் நங்கூரத்தையும் கால் பக்கம், நடுக்கோட்டில், தாழ வையுங்கள். முன்பக்க அறைக்குள் லேசானவை மட்டும் போகட்டும்.

எல்லாவற்றையும் கட்டுங்கள். மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), துடுப்பு, தண்ணீர்ப் புட்டி என எதுவானாலும் ஒரு கொக்கியாவது இருக்க வேண்டும். கவிழும்போது கட்டாத பொருள் கடலுக்குத்தான். தொங்கும் கயிறுகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், கவிழும்போது கால் சிக்குவது அவற்றில்தான்.

அலை உடையும் இடத்தை எப்படித் தாண்டுவது?

முதலில் கரையில் நின்று பத்து நிமிடமாவது பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, நடுவில் ஒரு இடைவெளி விடும். அந்த இடைவெளியில் மூக்கை அலைக்கு நேராக வைத்து, நிறுத்தாமல் துடுப்புப் போட்டு வெளியேற வேண்டும். அலை வருவதைப் பார்த்துக் கை நின்றுவிட்டால் அது உங்களைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், அப்புறம் கவிழ்வதைத் தடுப்பது கடினம்.

திரும்பி வருவதுதான் சிரமமானது. களைத்திருப்போம், அலை முதுகுப் பக்கமிருந்து வரும், சுமையும் அதே சுமை. உடைகிற இடத்துக்கு வெளியே நின்று ஒரு கூட்டம் போகும் வரை பொறுங்கள். கடைசி அலையின் முதுகுக்குப் பின்னாலேயே வாருங்கள், அதன் மேல் ஏறிச் சறுக்கப் பார்க்க வேண்டாம். கவிழ்ந்தால் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். சுமையோடு அலை தூக்கி எறியும் கயாக் காலை உடைத்துவிடும். கடல் பக்கமாகவே இருந்து, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வாருங்கள். அலை இடுப்புக்கு மேல் உடைகிற நாளில் சிலிண்டரோடு போவதை நான் நிறுத்திவிட்டேன்.

எப்படிப்பட்ட நங்கூரம்? எவ்வளவு கயிறு?

இதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மடக்கும் நாலுகொக்கி நங்கூரம், ஒன்றரை முதல் இரண்டு கிலோ, பெரும்பாலான கயாக்குகளுக்குப் போதும். ஆனால் எடை மட்டும் பிடித்து நிறுத்தாது. நங்கூரம் பிடிப்பது, கயிறு அதைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்கும்போதுதான். கயிறு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை மேலே பிடுங்கும். அதனால்தான் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மீட்டர் சங்கிலி வேண்டும் என்கிறோம். அது கயிற்றின் அடிப்பகுதியைப் படுக்க வைக்கிறது, பாறையில் உரசி அறுந்துபோகாமலும் காக்கிறது.

கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். காற்றோ நீரோட்டமோ இருந்தால் ஐந்து மடங்கு. 12 மீட்டர் ஆழத்துக்கு 36 மீட்டர் என்பது குறைந்தபட்சம். இந்த ஆழக் கணக்கில் ஓதம் ஏறுவதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் அடியில் இருக்கும்போதே கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கலாம்.

கயிற்றை மூக்குப் பக்கம் கட்டுங்கள். நடுவிலோ பக்கவாட்டிலோ கட்டினால் நீரோட்டம் கயாக்கைக் குறுக்கே பிடித்து அழுத்திக் கவிழ்த்துவிடும். இருக்கையிலிருந்து மூக்கை எட்ட முடியாது என்பதால், பக்கவாட்டில் ஓடும் கப்பிக் கயிறு ஒன்றைப் பொருத்தி, கட்டும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்வது வழக்கம். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நங்கூரக் கயிற்றின் முனையில் சிறு மிதவை ஒன்றும் இருந்தால், அவசரத்தில் கயிற்றை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு கத்தி இருக்கட்டும்.

படகுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி டைவருக்கு உண்டு. நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கலாம். எப்போதும் நங்கூரக் கயிற்றைப் பிடித்தே இறங்குங்கள். அடிக்குப் போனதும் முதல் வேலை நங்கூரத்தைப் பார்ப்பது. கொக்கிகள் மணலில் புதைந்திருக்கின்றனவா, சங்கிலி படுத்திருக்கிறதா, கயிறு எதிலாவது உரசுகிறதா? தேவைப்பட்டால் கையாலேயே நல்ல இடத்தில் பதித்து வையுங்கள். சில நிமிடம் அங்கேயே நின்று, மேலே கயாக் இழுக்கும்போது அது நகர்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. பவளத்தின் மேல் நங்கூரம் போடாதீர்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பவளங்கள் ஏராளம், ஒரு சங்கிலி புரண்டால் ஒரு தலைமுறையின் வளர்ச்சி போய்விடும். நாம் பார்க்கப் போனதே அதைத்தானே. பக்கத்து மணலில் போட்டுவிட்டு நீந்திப் போங்கள். கட்டுவதற்கு நிரந்தர மிதவை இருந்தால் அதுவே மேல்.

கடற்பாசிக் காட்டில் நங்கூரம் இல்லாமல் கட்டலாமா?

ராட்சதக் கெல்ப் பாசி வளரும் குளிர்ந்த கடல்களில், நீர்மட்டத்தில் மிதக்கும் தண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கயாக்கின் மேல் சுற்றிக் கட்டுவதுண்டு. அமைதியான நாளில் நன்றாகவே பிடிக்கும். அலை பெரிதானால் தண்டு அறும் என்பதால், நான் அதோடு நங்கூரத்தையும் போடுவேன்.

தண்ணீரில் இறங்கி உபகரணம் மாட்டுவது எப்படி?

மாஸ்க்கும் ஃபினும் கயாக்கில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுத் திரும்பி உட்கார்ந்தால் ஃபின் மாட்டலாம். வால்வை முழுதாகத் திறந்து, ஒருமுறை மூச்சு இழுத்துப் பார்த்து, பிசிடியை நன்றாக ஊதி, கயாக்கோடு கட்டிய ஒரு மீட்டர் கயிற்றில் மாட்டித் தண்ணீரில் தள்ளுங்கள். அது மிதக்கிறது என்று உறுதியான பிறகு நீங்கள் இறங்குங்கள். பிசிடியின் மேல் உட்கார்ந்த மாதிரி சாய்ந்து கைகளை நுழைத்துக்கொள்ளலாம். கொக்கிகளைப் போட்டு, கூட்டாளியோடு சரிபார்த்த பிறகே இணைப்புக் கயிற்றைக் கழற்ற வேண்டும்.

எடை விஷயத்தில் கவனம். எடை பெல்ட் கட்டுபவர் என்றால், பிசிடியை மாட்டிய பிறகு பெல்ட்டைக் கட்டுங்கள். முன்னரே கட்டிக்கொண்டு குதித்தால், கை நழுவினால் தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. எடை பிசிடியிலேயே இருந்தால் உங்களுக்குக் கவலை இல்லை, ஆனால் பிசிடியை முழுதாக ஊதாமல் தள்ளினால் மொத்த உபகரணமும் அடிக்குப் போய்விடும்.

அடியில் எப்படிப் போய்வர வேண்டும்?

நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்குங்கள். திரும்பும்போது அது உங்களை நங்கூரத்தை நோக்கிக் கொண்டுவரும். நங்கூரத்தின் அருகில் இருக்கும் அடையாளத்தை, உடைந்த பாறையோ தனியாக நிற்கும் விசிறிப் பவளமோ, மனதில் பதியுங்கள். திசைகாட்டியில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் இருந்தால் 120 வரும்போது திரும்பலாம். 50 பாரோடு கயாக்கில் ஏறுவதைப் பழக்கமாக்குங்கள்.

டைவின் நடுவில் ஒருமுறை நங்கூரத்தின் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போவதை நான் விடுவதே இல்லை. அப்படி வட்டமாகத் திட்டமிட்டால் தூரம் அதிகம் போக முடியாதுதான். போகட்டும்.

மேலே வரும்போதும் நங்கூரக் கயிறுதான் வழி. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதற்கும் அது கைப்பிடியாகும்.

நங்கூரம் போடாமல் கயாக்கை இழுத்துக்கொண்டே டைவ் செய்யலாமா?

நீரோட்டத்தோடு மிதந்துபோகும் டைவில் சிலர் செய்கிறார்கள். ரீலில் சுற்றிய கயிற்றின் ஒரு முனை கயாக்கில், ரீல் கையில். கயாக் உங்களோடே வரும் என்பது பெரிய நிம்மதி. காற்று வேறு திசையில் அடித்தால் மட்டும் அது உங்களைத் தரதரவென்று இழுக்கும். கயிற்றை உடம்பில் கட்டவே கூடாது, எந்த நொடியும் விடக்கூடிய மாதிரி கையில் இருக்க வேண்டும்.

கொடி வேண்டுமா?

வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அதைக் கேட்கிறது. சிவப்பில் வெள்ளைப் பட்டை சாய்வாகப் போகும் கொடி ஒன்று, டைவர் கீழே இருக்கிறார் என்பதற்கு. வெள்ளையும் நீலமுமான ஆல்ஃபா கொடி இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளில் 27ஆம் விதி, டைவிங் நடக்கும் சிறு கலம் ஆல்ஃபா கொடியின் விறைப்பான வடிவத்தை, குறைந்தது ஒரு மீட்டர் உயரமுள்ளதாக, எல்லாப் பக்கமும் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது. ஒரு மீட்டர் பலகை கயாக்கின் மேல் பாய் மாதிரி வேலை செய்து நங்கூரத்தை இழுக்கும் என்பதால், அதையும் சேர்த்துக் கயிற்றை நீட்டி விடுங்கள். போகிற இடத்தின் சட்டம் எந்தக் கொடியைக் கேட்கிறது, கொடியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் நீங்கள் மேலே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

கொடி இருந்தால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள் என்று நம்பி மேலே வராதீர்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் கீழேயே நின்று பொறுங்கள். கயாக் தாழ இருப்பதால் தூரத்து வேகப்படகுக்குத் தெரியாது.

மேலே வந்து பார்க்கிறேன், கயாக் காணோம். என்ன செய்வது?

முதலில் பிசிடியை ஊதி மிதந்திருங்கள். எடையைக் கழற்ற வேண்டியிருந்தால் கழற்றுங்கள். பிறகு காற்றும் நீரோட்டமும் போகும் திசையில் பாருங்கள், அலையின் முகட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும். பக்கத்தில், வேகமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தால் பிடித்துவிடலாம். இல்லையென்றால் துரத்தாதீர்கள். முழு உபகரணத்தோடு நீந்துபவரால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தைக்கூட வெகுநேரம் தாங்க முடியாது. காற்றில் ஓடும் காலிக் கயாக் அதைத் தாண்டிவிடும். களைத்த டைவர் நடுக்கடலில் மிதப்பதைவிட, தெம்புள்ள டைவர் ஒரே இடத்தில் மிதப்பது எவ்வளவோ மேல். ஆரஞ்சுக் குறிமிதவையை ஊதித் தூக்கிப் பிடியுங்கள், விசில் அடியுங்கள். கூட்டாளியோடு கைகோர்த்துப் பிரியாமல் இருங்கள். கரை எட்டும் தூரத்தில் இருந்து நீரோட்டமும் அந்தப் பக்கம் இருந்தால், மல்லாந்தபடி மெதுவாகக் கால் அடித்துப் போகலாம்.

இதிலிருந்து ஒரு பாடம் புரிந்திருக்கும். அவசரத் தொடர்புக் கருவி கயாக்கில் மட்டும் இருந்தால் பயனில்லை. கயாக்கில் ஒரு கைவானொலி (கடலில் பேசவும் கேட்கவும் பயன்படும் விஎச்எஃப் கருவி) இருக்கட்டும், 16ஆம் சேனல்தான் கடலில் உதவி கேட்கும் சேனல். உங்கள் உடம்பிலும் ஒன்று இருக்க வேண்டும். சாதாரண நீர்புகாக் கைவானொலி ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான் உத்தரவாதம் தரும். டைவுக்கென்று செய்த மீட்புக் கருவியை வாங்குங்கள், அல்லது ஆழம் தாங்கும் குப்பிக்குள் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குறிமிதவை, விசில், சிறு கண்ணாடி மூன்றும் எப்போதும் பிசிடி பையில் இருக்க வேண்டும்.

எனக்கு இது கிட்டத்தட்ட நடந்தது. ஆழம் 11 மீட்டர், ஓதம் வற்றியிருந்த நேரம். கயிறு கைவசம் கொஞ்சம்தான், அமைதியான கடல்தானே என்று இருபது மீட்டரோடு கட்டிவிட்டேன். முப்பது நிமிடம் கழித்து நானும் கூட்டாளியும் திரும்பிய இடத்தில் நங்கூரம் இல்லை, மணலில் ஒரு கோடு மட்டும் இருந்தது. ஏர் ஓட்டின சால் மாதிரி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே காற்று கிளம்பியிருக்கிறது, ஓதமும் ஏறியிருக்கிறது, கயிறு நிமிர்ந்து நங்கூரத்தைப் பிடுங்கிவிட்டது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனோம். ஒரு பாறை விளிம்பில் ஒரே ஒரு கொக்கி மாட்டியிருந்தது. அந்தப் பாறை இல்லாவிட்டால் கோடு போய்க்கொண்டே இருந்திருக்கும். அன்றைக்கு என் கருவிகள் அத்தனையும் கயாக்கில்தான் இருந்தன. அதற்குப் பிறகு நடு டைவில் நங்கூரத்தைப் பார்ப்பதையும், கருவியை உடம்பில் வைப்பதையும் நான் விட்டதில்லை.

திரும்ப ஏறுவது எப்படி?

எடையை முதலில் கழற்றிக் கயாக்கின் மேல் வையுங்கள். பிசிடியை முழுதாக ஊதி, இணைப்புக் கயிற்றில் மாட்டிவிட்டு, அதிலிருந்து வெளியே வாருங்கள். ஃபினைக் கழற்றாதீர்கள், ஏறுவதற்கு உந்துவிசை அதுதான். கயாக்கின் நடுப்பகுதியைப் பிடித்து, உடம்பை நீர்மட்டத்தில் கிடையாக நீட்டி, பலமாகக் கால் அடித்து வயிற்றை மேலே இழுத்துப் போடுங்கள். அப்புறம் புரண்டு பின்புறத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, பின்புறம், கால் என்ற வரிசை மாறக் கூடாது. கயாக்கில் தொங்கி ஏறப் பார்த்தால் அது உங்கள் மேலேயே கவிழும்.

பிறகு சிலிண்டர். வால்வைப் பிடித்து, கயாக்கின் விளிம்போடு சேர்த்துச் சறுக்கி ஏற்றுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு காலைத் தொங்கவிட்டுச் சமன் செய்துகொள்ளுங்கள். காலியாகும் தறுவாயில் அலுமினிய சிலிண்டர் நீரில் மிதக்கும் என்பதால் தொடக்கத்தில் லேசாகத்தான் இருக்கும். முடியவில்லையா, அதை நீரிலேயே இழுத்துக்கொண்டு போகலாம், தூரம் குறைவாக இருந்தால்.

துடுப்புப் போடும் உழைப்பு டைவைப் பாதிக்குமா?

பாதிக்கும். மூச்சிரைக்க இறங்கினால் உடம்பில் கரியமில வாயு ஏறியிருக்கும். காற்று சீக்கிரம் தீரும், ஆழத்தில் வரும் மயக்கமும் கூடும். நங்கூரம் போட்ட பிறகு மூச்சு சாதாரணமாகும் வரை உட்கார்ந்திருங்கள்.

டைவ் முடிந்த உடனே கடுமையாக உழைப்பது இன்னும் மோசம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கடும் உழைப்பு குமிழி உண்டாவதைத் தூண்டும், அழுத்தநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால் ஆழத்தையும் நேரத்தையும், கையில் கட்டும் டைவ் கணினி அனுமதிக்கும் எல்லைக்கு வெகு முன்பே நிறுத்துங்கள். மேலே வந்ததும் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, மெதுவாகத் துடுப்புப் போடுங்கள். போகும்போது காற்றுக்கு எதிராகவும், வரும்போது காற்றோடும் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெட்சூட்டில் துடுப்புப் போட்டால் வேகாதா?

வேகும். மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் விட்டு ஓட்டலாம், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த கடலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே காற்றின் வெப்பத்தைப் பார்க்காமல், விழுந்தால் தாங்க வேண்டிய நீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும்.

தனியாகப் போகலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு பேர், இரண்டு கயாக் என்பது நல்ல அமைப்பு. ஒன்றின் நங்கூரத்தில் மற்றொன்றையும் கட்டலாம், அப்போது கயிறும் நங்கூரமும் இரண்டு கயாக்கைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அதைவிட நல்லது மூன்றாவது ஆள் ஒருவர் மேலேயே கயாக்கில் இருப்பது. அப்படி ஒருவர் கிடைத்தால் மேலே சொன்ன பயங்களில் பாதி இல்லாமல் போகும்.

எந்த நாளில் போகக் கூடாது?

கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று இருந்தால் போகாதீர்கள். கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி தெரியும், அதுதான் ஏமாற்று. வெளியே போகப் போகக் காற்று பலமாகும், திரும்பி வருவது முழுவதும் எதிர்க்காற்றில். நங்கூரம் பெயர்ந்தாலும் கயாக் ஆழ்கடலுக்குத்தான் போகும். எந்தத் திசையானாலும் 12, 13 நாட் (மணிக்கு 12, 13 கடல் மைல்) காற்றுக்கு மேல் இருந்தால் நான் போவதில்லை. வெயில் ஏறும்போது கடற்காற்று வலுக்கும் இடங்கள் நிறைய என்பதால் விடிகாலையில் கிளம்பி முற்பகலுக்குள் திரும்பிவிடுவது வழக்கம். ஓதம் ஏறி முடிந்து, இறங்கத் தொடங்கும் முன் நீரோட்டம் ஓய்ந்து நிற்கும் நேரத்தில் டைவ் அமைந்தால் இன்னும் நல்லது.

ஒரே நாளில் இரண்டு டைவ்?

முடியும். இரண்டாவது சிலிண்டரைச் சுமந்துபோய்க் கடலிலேயே மாற்றுவதைவிட, கரைக்கு வந்து நிழலில் உட்கார்ந்து, சாப்பிட்டு, மாற்றிக்கொண்டு போவது எளிது.

பெடல் கயாக், காற்றடைத்த கயாக் எல்லாம் சரியா?

பெடல் வகை நல்லது, கால்தசை துடுப்பைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆழமில்லாத இடத்தில், அடியில் நீண்டிருக்கும் உந்துசாதனத்தைத் தூக்கிவிட மறக்காதீர்கள். காற்றடைத்ததில் தரமானவை உண்டு. ஆனால் காற்று அதை எளிதில் தள்ளும், நங்கூரத்தின் கொக்கியும் சிலிண்டரின் அடியும் துளைத்துவிடலாம். என் தேர்வு அல்ல.

கிளம்பும் முன் கரையில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எங்கே இறங்குகிறோம், எத்தனை பேர், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் கடலோரக் காவலை அழைக்க வேண்டும். இந்த ஐந்தையும் நம்பகமான ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். கயாக்கின் மேல் உங்கள் தொலைபேசி எண்ணையும் அழியாத மையில் எழுதுங்கள். ஆளில்லாத கயாக் கரை ஒதுங்கினால், நீங்கள் பத்திரமாக வீட்டில் இருக்கிறீர்களா என்று தேடுபவர்கள் ஒரே அழைப்பில் தெரிந்துகொள்வார்கள். கரை சேர்ந்ததும், உபகரணத்தைக் கழுவுவதற்கு முன்னால், அந்த ஒருவரை அழைத்து வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.